மூத்த வீரரை விடுவிப்பதா, வைத்துக்கொள்வதா: என்.எஃப்.எல். ஊதிய வரம்பின் கணக்கு

2024 மார்ச் மாதத்தில், அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்.-இல் ஆடும் லாஸ் ஏஞ்சலஸ் சார்ஜர்ஸ் அணியின் பொது மேலாளராகப் புதிதாகப் பொறுப்பேற்றிருந்த ஜோ ஹார்டிஸ் நான்கு ஒப்பந்தங்களைப் பற்றி முடிவெடுக்க வேண்டியிருந்தது. கலீல் மேக், ஜோயி போசா, கீனன் ஆலன், மைக் வில்லியம்ஸ் ஆகிய நால்வரும் சார்ஜர்ஸ் என்றாலே ரசிகர்களின் நினைவுக்கு வருபவர்கள். அந்த ஆண்டின் வரம்புக் கணக்கில் மேக்கின் பெயரில் ஏறத்தாழ 3.85 கோடி டாலரும், போசாவின் பெயரில் 3.66 கோடியும், ஆலனின் பெயரில் 3.47 கோடியும், வில்லியம்ஸின் பெயரில் 3.25 கோடியும் எழுதப்பட்டிருந்தன. ஓர் அணி அந்த ஆண்டு செலவிடக்கூடிய மொத்த வரம்போ 25.54 கோடி டாலர்தான். ஐம்பத்துமூன்று பேர் கொண்ட அணியில் நால்வர் மட்டுமே பாதிக்கும் மேலான இடத்தைப் பிடித்திருந்தார்கள். அதிலும், முந்தைய பருவத்தில் அந்த அணி ஐந்து ஆட்டங்களை வென்று பன்னிரண்டில் தோற்றிருந்தது. ஹார்டிஸ் ஒருவரை விடுவித்தார். ஒருவரை வேறு அணிக்குப் பரிமாறினார். மற்ற இருவரின் ஊதியத்தைக் குறைத்து வைத்துக்கொண்டார். ஒரே அணி ஒரே வாரத்தில் மூன்று வழிகளையும் கையாண்டதால், மூத்த வீரர்களைப் பற்றிய முடிவுகளை ஒப்பிட இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

ஒப்பிடுவதற்கு முன் கணக்கு முறையைச் சுருக்கமாகச் சொல்லியாக வேண்டும். 1994-இல் 3.46 கோடி டாலரில் தொடங்கிய என்.எஃப்.எல். ஊதிய வரம்பு எல்லா அணிகளையும் ஒன்றுபோலக் கட்டுப்படுத்துவது. பணக்கார உரிமையாளர் அபராதம் செலுத்தி அதைத் தாண்டிச் செல்ல இடமில்லை. ஆனால் வீரருக்குப் பணம் கொடுக்கப்படும் நாளும் அது வரம்புக் கணக்கில் ஏறும் நாளும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது தரப்படும் போனஸ் வீரரின் கைக்கு முன்கூட்டியே போய்விட்டாலும், கணக்கில் அது ஒப்பந்த ஆண்டுகளுக்குச் சமமாகப் பிரித்து எழுதப்படும். அதிகபட்சம் ஐந்து ஆண்டுகளுக்குப் பிரிக்கலாம். ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் 5 கோடி டாலர் போனஸ் வாங்கியவரின் பெயரில் ஆண்டுக்கு ஒரு கோடி ஏறும். இரண்டு ஆண்டுகளில் அவரை விடுவித்தால், எஞ்சிய மூன்று கோடியும் உடனே அந்த ஆண்டின் கணக்கில் வந்து விழும். ஆட வராத வீரருக்காக இப்படி வரம்பில் இடம்பிடிக்கும் தொகையைத்தான் அமெரிக்க ரசிகர்கள் டெட் மணி என்கிறார்கள்.

இந்தத் தொகை பெரிதாகத் தெரிவதால் ‘இவரை இப்போது விடுவிக்கவே முடியாது’ என்ற பேச்சு ஒவ்வொரு பிப்ரவரியிலும் எழுகிறது. என் பார்வையில் அந்தப் பேச்சுக்கு அடிப்படையே இல்லை. டெட் மணி ஏற்கெனவே கொடுத்து முடித்த பணம். வீரரை வைத்துக்கொண்டாலும் விடுவித்தாலும் அது இந்த ஆண்டோ அடுத்த ஆண்டோ கணக்கில் ஏறியே தீரும். முடிவெடுப்பவர் பார்க்க வேண்டியது, வீரரை வைத்துக்கொண்டால் இனிமேல் புதிதாகக் கொடுக்க வேண்டிய தொகை எவ்வளவு, அதே தொகைக்குச் சந்தையில் என்ன கிடைக்கும் என்ற இரண்டை மட்டுமே. வில்லியம்ஸ் விஷயத்தில் இதை நேராகவே பார்க்கலாம். அவர் பெயரில் இருந்த 3.25 கோடியில் 1.25 கோடி பழைய போனஸின் மிச்சம். 2 கோடி மட்டுமே 2024-க்கான புதிய ஊதியம். 2023 செப்டம்பரில் முழங்கால் தசைநார் கிழிந்து, அந்தப் பருவத்தில் மூன்றே ஆட்டங்கள் ஆடியிருந்த, எறியப்படும் பந்தைப் பிடிக்கும் ரிசீவர் ஒருவருக்கு 2 கோடி கொடுப்பதா என்பதே கேள்வி. கேள்வியை இப்படி அமைத்துக்கொண்டால் விடை தானே வந்துவிடுகிறது. சார்ஜர்ஸ் அவரை விடுவித்தது; 1.25 கோடி டெட் மணியை ஏற்றுக்கொண்டு 2 கோடி இடத்தை மீட்டது.

ஒரு சிறு திருத்தத்தையும் இங்கே குறித்துவைக்க வேண்டும். பருவம் தொடங்குவதற்கு முந்தைய மாதங்களில் ஒவ்வோர் அணியிலும் அதிக ஊதியம் பெறும் 51 பேரின் தொகை மட்டுமே வரம்பில் சேர்க்கப்படும். ஒருவர் வெளியேறினால் ஐம்பத்திரண்டாவது இடத்தில் இருந்தவர் உள்ளே வந்துவிடுவார். ஆகவே செய்தித்தாள்கள் எழுதும் சேமிப்பிலிருந்து ஒரு குறைந்தபட்ச ஊதியத்தைக் கழித்தால்தான் உண்மையான சேமிப்பு கிடைக்கும்.

விடுவிப்பதிலேயே இரண்டு வகை உண்டு. ஜூன் 1-க்கு முன் விடுவித்தால் எஞ்சிய போனஸ் முழுவதும் அந்த ஆண்டிலேயே விழும். அதற்குப் பின் விடுவித்தால் அந்த ஆண்டின் பங்கு மட்டும் இப்போதும் மற்றவை அடுத்த ஆண்டும் விழும். ஜூன் வரை காக்கவைக்கப்பட்ட வீரர், எல்லா அணிகளும் பணத்தைச் செலவிட்டு முடித்த பிறகு வேலை தேட வேண்டியிருக்கும். அதனால், ஆண்டுக்கு இரண்டு வீரர்களை மட்டும் மார்ச்சிலேயே விடுவித்துவிட்டு, கணக்கில் ஜூனுக்குப் பின் விடுவித்ததாகக் காட்டிக்கொள்ள விதி இடம் தருகிறது. வீரருக்கு இது நியாயமானது. அணிக்கு இதில் ஒரு விலை உண்டு: அவருடைய முழுத் தொகையும் ஜூன் வரை வரம்பில் அப்படியே உட்கார்ந்திருக்கும், மிச்சமாகும் இடம் ஜூன் 2 அன்றுதான் கைக்கு வரும். அதற்குள் சந்தையின் நல்ல வீரர்கள் எல்லோரும் கையெழுத்திட்டிருப்பார்கள். டிராஃப்டில், அதாவது கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், எடுத்த இளைஞர்களுக்கு ஒப்பந்தம் போடவும், பருவத்தின் நடுவே காயங்களைச் சமாளிக்கவும் மட்டுமே அந்த இடம் உதவும்.

சார்ஜர்ஸ் வில்லியம்ஸுக்கு இந்த வழியை நாடாததற்கு இதைவிட எளிய காரணம் இருந்தது: 2024-தான் அவருடைய ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டு. அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கப் போனஸில் எதுவும் மிச்சமில்லை. ஜூன் 1 ஏற்பாடு ஒப்பந்தத்தின் நடுப்பகுதியில் இருப்பவர்களுக்கே பொருள் தரும் என்பதை இந்த விதியைப் பற்றிப் பேசும் பலர் கவனிப்பதில்லை.

அந்த ஏற்பாட்டை உச்ச அளவில் பயன்படுத்தியது அதே மாதத்தில் டென்வர் பிராங்கோஸ். 2022-இல் சியாட்டிலிடம் டிராஃப்ட் தேர்வுகளையும் வீரர்களையும் வாரிக்கொடுத்து, பந்தை எறிந்து ஆட்டத்தை வழிநடத்தும் குவாட்டர்பேக்கான ரஸ்ஸல் வில்சனை வாங்கிய டென்வர், அவர் ஓர் ஆட்டம்கூட ஆடுவதற்கு முன்பே ஐந்தாண்டுகளுக்கு 24.5 கோடி டாலர் மதிப்பில் ஒப்பந்தத்தை நீட்டித்தது. இரண்டு பருவங்களில் முடிவு தெரிந்துவிட்டது. 2024-க்கான 3.9 கோடி ஊதியம் ஏற்கெனவே உறுதி செய்யப்பட்டிருந்ததால், வில்சன் இருந்தாலும் போனாலும் அதைக் கொடுத்தாக வேண்டும். ஆனால் மார்ச் 17 அன்றும் அவர் அணியில் இருந்தால் 2025-க்கான 3.7 கோடியும் உறுதியாகிவிடும். எனவே அந்த முடிவின் உண்மையான எடை அந்த 3.7 கோடிதான். தலைப்புச் செய்திகளில் வந்த 8.5 கோடி டெட் மணி, லீக் வரலாற்றில் அதுவரை கண்டிராத தொகையாக இருந்தாலும், அதில் எந்தப் பகுதியையும் வில்சனை வைத்துக்கொள்வதன் மூலம் மிச்சப்படுத்தியிருக்க முடியாது. டென்வர் அதை 2024-இல் 5.3 கோடி, 2025-இல் 3.2 கோடி என்று பிரித்து ஏற்றுக்கொண்டது. வில்சன் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியில் 12.1 லட்சம் டாலர் குறைந்தபட்ச ஊதியத்துக்குச் சேர்ந்தார். அவருடைய மீதி ஊதியத்தை டென்வர்தான் கொடுத்தது.

வரம்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலானதை ஆடாத ஒருவருக்கு ஒதுக்கிவிட்ட அணி அந்த ஆண்டு படுத்துவிடும் என்றே பலரும் கணித்தார்கள். ஆனால் 2023-இல் எட்டு ஆட்டங்களை வென்ற டென்வர் 2024-இல் பத்தை வென்று, 2015-க்குப் பிறகு முதல்முறையாகப் பட்டத்துக்கான வெளியேற்றச் சுற்றான பிளேஆஃபுக்குப் போனது. முதல் சுற்றில் எடுக்கப்பட்ட போ நிக்ஸ், நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்து ஏறத்தாழ 1.86 கோடி டாலருக்கு அங்கே குவாட்டர்பேக்காக ஆடினார். டெட் மணியைத் தாங்கும் வலிமை இப்படிப்பட்ட மலிவான இளம் குவாட்டர்பேக்கிடமிருந்துதான் வருகிறது. அப்படி ஒருவர் கிடைக்காத அணி டென்வரைப் பார்த்துத் துணிவது ஆபத்தானது.

தொகையைத் தள்ளிவைப்பதற்கு ஆதரவாக வலுவான வாதம் ஒன்று உண்டு. வரம்பு ஆண்டுதோறும் உயர்கிறது, 2024-இல் 25.54 கோடியாக இருந்தது 2025-இல் 27.92 கோடியானது. 3.2 கோடி என்பது முதல் ஆண்டில் வரம்பின் 12.5 விழுக்காடு, அடுத்த ஆண்டில் 11.5 விழுக்காடுதான். நாளைய டாலர் இலகுவானது என்ற இந்தக் கணக்கின் மேல்தான் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் பல ஆண்டுகள் அணியைக் கட்டியது. ஆனால் 2020-இல் 19.82 கோடியாக இருந்த வரம்பு, பெருந்தொற்றால் அரங்குகள் வெறிச்சோடியதைத் தொடர்ந்து 2021-இல் 18.25 கோடியாகச் சரிந்தது. அந்த ஆண்டில், முன்பு தள்ளிவைத்த ஒவ்வொரு டாலரும் கனத்துத் திரும்பி வந்தது.

அதே 2021-இல் பிலடெல்ஃபியா ஈகிள்ஸ் எதிர்த்திசையில் நடந்தது என்பதால் அதை இங்கே சொல்ல வேண்டும். கார்சன் வென்ட்ஸை இண்டியானாபொலிஸுக்குப் பரிமாறியதில் வந்த 3.38 கோடி டெட் மணியை, வரம்பு சுருங்கிய அந்த ஆண்டிலேயே அது முழுமையாக ஏற்றுக்கொண்டது. அந்தப் பருவத்தில் ஒன்பது ஆட்டங்களை வென்று பிளேஆஃபுக்குப் போனது. அடுத்த பருவத்தில், வென்ட்ஸின் நிழலே கணக்கில் இல்லாத நிலையில், லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் வரை போனது. டாம் பிரேடி ஓய்வு பெற்றபோது 2023-இல் 3.51 கோடியை ஒரேயடியாகச் சுமந்த டாம்பா பே பக்கனியர்ஸும், பேக்கர் மேஃபீல்டைக் குறைந்த தொகைக்கு எடுத்து அந்த ஆண்டு தன் பிரிவை வென்றது. இந்த எடுத்துக்காட்டுகளால் நான் வந்தடையும் முடிவு இது: ஓர் ஆண்டுக்குள் தாங்கக்கூடிய தொகையாக இருந்தால் ஒரே ஆண்டில் முடித்துக்கொள்வதே நல்லது, அப்படிச் செய்தால் அணியையே களமிறக்க முடியாது என்ற நிலை வந்தால் மட்டும் பிரிக்கலாம்.

இனிப் பரிமாற்றம். டெட் மணியைப் பொறுத்தவரை பரிமாற்றத்துக்கும் விடுவிப்புக்கும் வேறுபாடே இல்லை. பழைய போனஸ் பழைய அணியின் தலையில்தான் விழும். மாறுவது இரண்டு. பதிலுக்கு டிராஃப்ட் தேர்வு கிடைக்கிறது; வீரரின் இனிவரும் ஊதியம், உறுதி செய்யப்பட்ட பகுதி உட்பட, வாங்கும் அணிக்குப் போய்விடுகிறது. அதற்கு அந்த ஊதியத்தைக் கொடுக்கத் தயாராக ஓர் அணி இருக்க வேண்டும். வில்சனை அந்தத் தொகையில் யாரும் எடுத்திருக்கப் போவதில்லை. ஆலனின் நிலை வேறு: 2023-இல் பதின்மூன்றே ஆட்டங்களில் 108 முறை பந்தைப் பிடித்து 1,243 யார்டுகள் சேர்த்திருந்தார். முப்பத்தொரு வயதில் அப்படி ஆடியவர் ஊதியத்தைக் குறைத்துக்கொள்ள இசையாததில் வியப்பில்லை. சார்ஜர்ஸ் அவரைச் சிகாகோ பேர்ஸுக்கு அனுப்பி நான்காம் சுற்றுத் தேர்வு ஒன்றைப் பெற்றது, 1.16 கோடி டெட் மணி ஏறியது, 2.31 கோடி இடம் கிடைத்தது.

நான்காம் சுற்றுத் தேர்வு அற்பமாகத் தோன்றலாம். அந்த 110-ஆம் தேர்வை 37-ஆம் தேர்வுடன் சேர்த்து நியூ இங்கிலாந்துக்குக் கொடுத்து, சார்ஜர்ஸ் 34-ஆம் இடத்துக்கு முன்னேறியது. 137-ஆம் தேர்வையும் பெற்றது. 34-ஆம் இடத்தில் எடுக்கப்பட்ட லாட் மெக்கான்கி முதல் பருவத்திலேயே 82 முறை பந்தைப் பிடித்து 1,149 யார்டுகள் சேர்த்தார். அதே 2024-இல் சிகாகோவில் ஆலன் சேர்த்தது 744 யார்டுகள். மெக்கான்கியின் திறமைக்கான பெருமை அவரைத் தேர்ந்தெடுத்தவர்களுடையது. ஆனால் ஆலனை வெறுமனே விடுவித்திருந்தால் அந்தச் சில இடங்கள் முன்னேறும் வாய்ப்பு இந்த வழியில் வந்திருக்காது. விடுவிப்பதற்கு முன் பரிமாற்றத்துக்கு முயலாத மேலாளரைக் குறை சொல்லத்தான் வேண்டும்.

இழப்பும் இருந்தது. அனுபவமுள்ள இரு ரிசீவர்களையும் ஒரே வாரத்தில் இழந்த அணி, பதினொரு ஆட்டங்களை வென்று பிளேஆஃபுக்குப் போனாலும், அங்கே ஹூஸ்டனிடம் 32-12 என்று தோற்றது. குவாட்டர்பேக் ஜஸ்டின் ஹெர்பெர்ட்டின் நான்கு எறிதல்கள் எதிரணியின் கைக்குப் போயின. அந்தத் தோல்வி முழுவதையும் மார்ச் மாத முடிவின் மேல் ஏற்றுவது நியாயமாகாது; மெக்கான்கிக்கு அப்பால் நம்பி எறிய ஆள் குறைவாக இருந்ததை மறுக்கவும் முடியாது.

மேக்கும் போசாவும் ஊதியக் குறைப்புக்கு இசைந்தார்கள். அணிக்கு எல்லா வகையிலும் சாதகமான வழி இதுவே: டெட் மணி கூடுவதில்லை, வீரரும் இருக்கிறார், குறைந்த தொகை உண்மையாகவே மறைகிறது. வழக்கமாக வீரருக்குப் பதிலாகக் கிடைப்பது, குறைந்த ஊதியத்தின் ஒரு பகுதிக்கு உறுதியும் நன்றாக ஆடினால் ஊக்கத்தொகையும். ஆனால் இந்த வழி வீரரின் சம்மதத்தைப் பொறுத்தது. சந்தையில் தனக்கு என்ன விலை என்று அவர் எண்ணுகிறாரோ அதற்குக் கீழே அவர் வர மாட்டார். மேக் 2023-இல் 17 சாக்குகள் (எதிரணிக் குவாட்டர்பேக்கைப் பந்தை எறியும் முன் வீழ்த்துவது) எடுத்தவர். ஆனால் வயது முப்பத்துமூன்று. போசாவுக்கு இருபத்தெட்டு வயதுதான். ஆனால் காயங்களால் அந்தப் பருவத்தில் ஒன்பதே ஆட்டங்கள் ஆடியிருந்தார். இருவருக்கும் வெளிச்சந்தை நிச்சயமற்றதாக இருந்தது; அதனால்தான் பேச்சு முடிந்தது. அவர்கள் இருந்த தற்காப்பு அணி 2024-இல் லீகிலேயே மிகக் குறைந்த புள்ளிகளை விட்டுக்கொடுத்தது.

குறைப்பைக் கேட்பதே உறவைக் கெடுக்கும் என்ற அச்சம் மேலாளர்களுக்கு உண்டு. ஆனால் உடன்பாடு இல்லாவிட்டால் விடுவிப்புதான் மிஞ்சும், அதற்கும் விலை உண்டு. டல்லஸ் கவ்பாய்ஸ் வரலாற்றில் அதிக சாக்குகள் எடுத்த டிமார்கஸ் வேரை அந்த அணி 2014-இல் விடுவித்து 74 லட்சம் டாலர் இடத்தை மீட்டது. அவர் டென்வருடன் மூன்றாண்டுகளுக்கு 3 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டு, இரண்டாவது பருவத்தின் முடிவில் சூப்பர் பவுல் வென்றார். மீட்ட இடத்துக்கு என்ன வாங்கினோம் என்ற கேள்விக்கு விடை சொல்ல முடியாத அணிக்கு, விடுவிப்பு வெறும் இழப்பே.

மறுசீரமைப்பு என்று அழைக்கப்படும் வழியை ஊதியக் குறைப்புடன் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்; இரண்டும் நேர் எதிரானவை. மறுசீரமைப்பில் வீரர் ஒரு டாலரும் இழப்பதில்லை. இந்த ஆண்டு ஊதியத்தின் பெரும்பகுதி போனஸாக மாற்றப்பட்டு உடனே அவர் கைக்குப் போகிறது. கணக்கில் மட்டும் வரும் ஆண்டுகளுக்குப் பரவுகிறது. ஆண்டுகள் போதவில்லை என்றால், யாரும் ஆடப்போகாத வெற்று ஆண்டுகளை ஒப்பந்தத்தின் முடிவில் சேர்த்துக்கொள்வதும் உண்டு. சார்ஜர்ஸ் 2023 மார்ச்சில், டாம் டெலெஸ்கோ பொது மேலாளராக இருந்தபோது, இதே நால்வரின் ஒப்பந்தங்களையும் இப்படித்தான் மறுசீரமைத்தது. அந்த ஆண்டு இடம் கிடைத்தது, பருவம் சரிந்தது, டிசம்பரில் டெலெஸ்கோவும் பயிற்சியாளர் பிராண்டன் ஸ்டேலியும் நீக்கப்பட்டார்கள். அவர்கள் மிச்சப்படுத்திய தொகையே 2024-இல் நால்வரின் பெயரிலும் மூன்று கோடிக்கு மேல் வீங்கி நின்றது. இருபத்தைந்து வயது வீரருக்கு மறுசீரமைப்பு பாதுகாப்பான கருவி, ஏனெனில் போனஸ் பரவும் ஆண்டுகளில் அவர் ஆடிக்கொண்டிருப்பார். முப்பதைத் தாண்டியவருக்கும் காயங்களால் நலிந்தவருக்கும் அதைச் செய்வது, அடுத்து வரும் மேலாளரின் கையைக் கட்டிவைப்பது. இங்கே ஒப்பிட்ட எல்லா வழிகளிலும் நான் கடைசி இடத்தில் வைப்பது இதைத்தான்.

எந்த வழியானாலும் நாள் தவறினால் பயனில்லை. லாஸ் வேகஸ் ரெய்டர்ஸ் குவாட்டர்பேக் டெரெக் காரை 2023 பிப்ரவரி 14 அன்று விடுவித்தது. மறுநாள் வரை வைத்திருந்தால் 4.04 கோடி டாலர் உறுதியாகியிருக்கும். அந்த வாய்ப்பைக் காத்துக்கொள்வதற்காகவே, அவர் காயமடைந்தால் ஊதியம் உறுதியாகிவிடும் என்று, முந்தைய பருவத்தின் கடைசி இரண்டு ஆட்டங்களில் அவரை உட்காரவைத்திருந்தார்கள். அணி ஏற்ற டெட் மணி ஏறத்தாழ 56 லட்சம் மட்டுமே. நான்கு பருவங்களோ அதற்கு மேலோ ஆடிய வீரர் பருவத்தின் முதல் வாரத்தில் அணியில் இருந்தால், அந்த ஆண்டு ஊதியம் நடைமுறையில் உறுதியானதுதான் என்பதால், ஆகஸ்ட் இறுதியும் ஒரு கடைசி எல்லை. ஓய்வு பெறுபவர் உதவ நினைத்தால் இந்த நாட்களை வளைத்தும் கொடுக்கலாம்: 2021-இல் செயின்ட்ஸ் குவாட்டர்பேக் ட்ரூ பிரீஸ் தன் 2.5 கோடி ஊதியத்தை 10.75 லட்சமாகக் குறைத்துக்கொண்டு, ஓய்வைக் கணக்கில் ஜூன் 1-க்குப் பின் பதிய இடம் கொடுத்தார். செயின்ட்ஸ் தன் சுமையை இரண்டு ஆண்டுகளுக்குப் பிரித்துக்கொண்டது.

எதுவும் செய்யாமல் ஒப்பந்தத்தை முடியவிடுவதும் ஒரு வழிதான். புதிய ஊதியம் சிறியதாக இருக்கும்போது இதற்கு ஒரு பயன் உண்டு: ஒப்பந்தம் முடிந்து வெளியேறுபவர் வேறிடத்தில் பெரிய தொகைக்குச் சேர்ந்தால், ஈடாகக் கூடுதல் டிராஃப்ட் தேர்வு கிடைக்கக்கூடும், விடுவிக்கப்பட்டவர் அந்தக் கணக்கில் சேர மாட்டார்.

சார்ஜர்ஸ் 2025 மார்ச்சில் மீண்டும் அதே கேள்வியை எதிர்கொண்டது. இம்முறை போசாவை விடுவித்து ஏறத்தாழ 1.1 கோடி டெட் மணியை ஏற்று, 2.5 கோடிக்கு மேல் இடத்தை மீட்டது. அவர் ஓராண்டுக்கு 1.26 கோடி டாலருக்கு பஃபலோவில் சேர்ந்தார். மேக்கின் ஒப்பந்தம் முடிந்திருந்தது. அவரை ஓராண்டுக்கு 1.8 கோடிக்குத் திரும்ப எடுத்தது. அதே ஆண்டில் வில்லியம்ஸும் பின்னர் ஆலனும் பழைய தொகையின் ஒரு பகுதிக்கு அணிக்குத் திரும்பினார்கள். வில்லியம்ஸ் பருவம் தொடங்கும் முன்பே ஓய்வையும் அறிவித்தார். 2024-இல் நால்வரையும் மறுசீரமைத்து வைத்துக்கொண்டிருந்தால், இந்த முடிவுகள் ஒவ்வொன்றின்போதும் அவர்களின் பழைய போனஸ் இன்னும் கணக்கில் நின்றுகொண்டிருந்திருக்கும்.